எலும்புக்குப் பொறுமை, இறைச்சிக்கு அவசரம்: மீந்த கோழியில் ஸ்டாக்கும் எளிய சாப்பாடும்

சாப்பாடு முடிந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நடுவில் வைத்த தட்டில் ஒரு பக்கத்து நெஞ்சுக்கறி, ஒரு தொடை, இரண்டு இறக்கை, அப்புறம் முதுகோடு சேர்ந்த எலும்புக்கூடு. பெரும்பாலும் அந்தத் தட்டை அப்படியே மூடி ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுவோம். மறுநாள் எடுத்துச் சூடாக்கினால் இறைச்சி நார் நாராக உலர்ந்து கிடக்கும், ஒரு பழைய வாடையும் அடிக்கும். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஃப்ரிட்ஜில் வைப்போம். அப்புறம் அது போகிற இடம் குப்பைத் தொட்டிதான்.

கோழியின் மேல் தப்பில்லை. இரண்டு வேறு பொருள்களை ஒன்றாக நடத்துவதுதான் தப்பு. எலும்பு, தோல், குருத்தெலும்பு மூன்றும் மணிக்கணக்கில் வெந்தால்தான் தன்னிடம் இருப்பதைத் தண்ணீருக்குக் கொடுக்கும். இறைச்சி ஏற்கெனவே வெந்துவிட்டது. அதற்கு இனி வேண்டியது சூடு மட்டும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. எலும்புக்கு நேரம் கொடுங்கள், இறைச்சிக்குக் கொடுக்காதீர்கள். கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

அன்றிரவே பிரித்துவிடுங்கள்

இந்த வேலையைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சமைத்த கோழி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் காலத்தில் அறையின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். தோதான சூட்டில் சில வகைகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

இன்னொரு காரணமும் உண்டு. கோழி வெதுவெதுப்பாக இருக்கும்போது இறைச்சி எலும்பை விட்டுச் சுலபமாக வரும். ஆறிவிட்டால் கொழுப்பும் பசையும் உறைந்து பிடித்துக்கொள்ளும். பிய்க்கிற நேரம் இரட்டிப்பாகும், எலும்பில் ஒட்டி வீணாகிற இறைச்சியும் கூடும்.

கையை நன்றாகக் கழுவிக்கொண்டு இரண்டு பாத்திரம் எடுத்து வையுங்கள், ஒன்று இறைச்சிக்கு, ஒன்று எலும்புக்கு. முதலில் கால். தொடையைப் பிடித்து வெளிப்பக்கமாக மடக்கினால் மூட்டு தானாகக் கழன்றுவிடும், கத்தி வேண்டாம். அடுத்து நெஞ்சு. நடுவில் ஓடும் நெஞ்செலும்பை ஒட்டிக் கட்டைவிரலை மேலிருந்து கீழாக ஓட்டினால் அந்தப் பக்கத்து இறைச்சி ஒரே துண்டாக வந்துவிடும். பிறகு கோழியைக் கவிழ்த்துப் போடுங்கள். தொடை சேர்ந்திருந்த இடத்துக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும் சின்னக் குழி ஒன்று தட்டுப்படும். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு பெரிய நாணயம் அளவுக்கு வழவழப்பான இறைச்சி உட்கார்ந்திருக்கும். முழுக் கோழியிலும் அதைவிட மெதுவான கறி கிடையாது. தெரியாதவர்கள் அதை எலும்போடு தூக்கி எறிந்துவிடுகிறார்கள். நான் பிரிக்கும்போதே அதை எடுத்து, பக்கத்தில் நிற்பவர் வாயில் போட்டுவிடுவேன்.

காலின் கீழ்ப்பகுதியைப் பிய்க்கும்போது கவனம் வேண்டும். பெரிய எலும்பை ஒட்டி ஊசி மாதிரி மெல்லிய எலும்பு ஒன்று இருக்கும். அது கழன்று இறைச்சிக்குள் புகுந்துகொண்டால் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகள் சாப்பிடுகிற வீடாக இருந்தால், பிய்த்த இறைச்சியை விரலால் ஒருமுறை நன்றாக அளைந்து பாருங்கள்.

நெஞ்சுக்கறியைப் பெரிய துண்டாகவே வைத்துவிடுங்கள். இப்போதே உதிர்த்தால் காற்று படும் பரப்பு கூடும், உலர்ந்துபோகும். மறுநாள் வருகிற பழைய வாடைக்கும் இந்தக் காற்றுதான் காரணம். இறைச்சியில் இருக்கும் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெட ஆரம்பிக்கிறது. வேகும்போது இறைச்சியிலிருந்து வெளிப்படும் இரும்புச்சத்து அதை இன்னும் விரைவாக்குகிறது. அதனால் இறைச்சியைத் தட்டையான சின்ன டப்பாவில் நெருக்கமாக அடுக்குங்கள். சமைத்த பாத்திரத்தில் சாறோ குழம்போ மீந்திருந்தால் மேலே இரண்டு கரண்டி ஊற்றி இறுக்கமாக மூடுங்கள். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தால் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள் வரை நன்றாக இருக்கும்.

எலும்புப் பாத்திரத்தில் எலும்புக்கூடு, இறக்கை நுனி, கழுத்து, தோல், குருத்தெலும்பு எல்லாம் போகட்டும். சுட்ட தட்டின் அடியில் பழுப்பாக உறைந்து கிடக்கும் பசையைச் சுரண்டி அதையும் போடுங்கள், பாதிச் சுவை அதில்தான் இருக்கிறது. அன்றைக்கே அடுப்பில் ஏற்ற நேரமில்லையா? ஒரு பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். எலும்பு காத்திருக்கும்.

ஸ்டாக் வைப்பது

ஸ்டாக் என்பது எலும்பையும் கொஞ்சம் காய்கறியையும் சிறு தீயில் நேரம் எடுத்து வேகவைத்து வடித்த சாறு. அது தனியாகக் குடிப்பதற்கென்று வைப்பதில்லை. சூப், சோறு, குழம்பு என்று தண்ணீர் ஊற்றுகிற எந்த இடத்திலும் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுவதற்கு.

தோலிலும் மூட்டிலும் குருத்தெலும்பிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. வெந்நீரில் நெடுநேரம் கிடந்தால் அது ஜெலட்டினாக மாறித் தண்ணீரில் கரையும். சாறு நாக்கில் பட்டதும் வெறும் தண்ணீராக ஓடாமல் கொஞ்சம் கனமாக, உதடு ஒட்டுகிற மாதிரி இருப்பது ஜெலட்டினால்தான். ஆறியதும் சாறு ஜெல்லி மாதிரி உறைவதும் அதனால்தான். இறக்கை, கழுத்து, முதுகு, பாதம் இவற்றில் கொலாஜன் அதிகம். நெஞ்செலும்பின் நுனியில் வெள்ளையாக வளைகிறதே, அந்தக் குருத்தெலும்பைத் தவற விடாதீர்கள்.

ஒரு முழுக் கோழியின் எலும்புக்கு ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். எலும்பு மூழ்கி அதற்கு மேல் இரண்டு விரல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அளவு. தண்ணீரை அள்ளி ஊற்றுவதுதான் புதிதாகச் செய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் கோழி வாசனையுள்ள வெந்நீர்தான் கிடைக்கும். எலும்புக்கூட்டைக் கையால் அழுத்தி இரண்டு மூன்றாக உடைத்துப் போட்டால் குறைந்த தண்ணீரிலேயே மூழ்கிவிடும்.

காய்கறியில் ஒரு பெரிய வெங்காயம், ஒரு கேரட், இருந்தால் ஒரு செலரித் தண்டு. கூடவே நான்கு பல் பூண்டு, பத்து மிளகு, ஒரு பிரிஞ்சி இலை, கொத்தமல்லித் தண்டு அல்லது பார்ஸ்லித் தண்டு. வெங்காயத்தைத் தோலோடு இரண்டாக வெட்டிப் போடுங்கள். அந்தப் பழுப்புத் தோல் சாற்றுக்கு நல்ல நிறம் கொடுக்கும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி வேண்டாம், நேரம் ஆக ஆகக் கசப்பும் கந்தக வாடையும் வரும். பீட்ரூட் நிறத்தைக் கெடுக்கும், உருளைக்கிழங்கு கரைந்து கலக்கிவிடும்.

உப்பு போடவே போடாதீர்கள். சமைத்த கோழியில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. சாறு வற்ற வற்ற அது ஏறிக்கொண்டே போகும். பின்னால் இந்தச் சாற்றை எதில் ஊற்றுகிறீர்களோ, அங்கே பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். காரமான மசாலா பூசிய கோழியாக இருந்தால் எலும்பை ஒருமுறை வெந்நீரில் அலசிவிடுங்கள். அப்படியும் மசாலா வாசம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அந்தச் சாற்றைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். புகையில் வாட்டிய கோழி என்றால் சாறும் புகை மணக்கும். பருப்பு சூப்புக்கு அது அருமையாகப் பொருந்தும், மென்மையான சூப்புக்கு ஆகாது.

எல்லாவற்றையும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு மிதமான தீயில் வையுங்கள். கொதி வரப்போகும் நேரத்தில் மேலே நுரை திரளும், கரண்டியால் எடுத்துவிடுங்கள். பச்சை எலும்பு அளவுக்கு வெந்த எலும்பில் நுரை வராது, பயப்படாதீர்கள். கொதி கண்டதும் தீயை அடக்கிவிட வேண்டும். பானைக்குள் எட்டிப் பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி எழ வேண்டும், எழுந்ததும் அடங்க வேண்டும். தண்ணீர் மேலே நடுங்குவது தெரிந்தால் போதும், தளதளவென்று புரளக் கூடாது.

முதல் தடவை நான் இதைத் தெரியாமல்தான் செய்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று முழுத் தீயில் விட்டேன். ஒரு மணி நேரத்தில் சாறு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்துக் கலங்கிப்போனது. வாயில் வைத்தால் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டியது. வேகமாகக் கொதிக்கும்போது மேலே மிதக்க வேண்டிய கொழுப்பு நுண்ணிய துளிகளாக உடைந்து சாற்றோடு கலந்துவிடுகிறது. ஒருமுறை கலந்துவிட்டால் ஆற வைத்தாலும் முழுதாகப் பிரியாது. அதை வீணாக்கவில்லை, கெட்டியான சூப்பில் சேர்த்துச் செலவழித்தேன். ஆனால் அன்றையிலிருந்து ஸ்டாக் பானைக்குச் சின்ன அடுப்புதான், சிறு தீதான்.

இரண்டரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம். பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, அரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். எலும்பு வெளியே தெரிந்தால் கொஞ்சம் வெந்நீர் சேருங்கள். அடிக்கடி கிளறாதீர்கள். கழுத்தெலும்பு ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள், மூட்டு மூட்டாகக் கழன்று விழுந்தால் அதனிடம் இனி கொடுக்க ஒன்றும் இல்லை.

பிரஷர் குக்கரில் வைத்தால் முக்கால் மணி நேரம் ஆகும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பிரஷர் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்ற வேண்டாம், தானாக அடங்கட்டும். திடீரென்று ஆவியை விட்டால் உள்ளே சாறு பொங்கிக் கலங்கிவிடும். பொறுமையாக விட்டால் குக்கர் சாறும் தெளிவாகவே வரும். எனக்கு வாரநாளில் குக்கர், விடுமுறையில் பானை.

வடிகட்டும்போது கண்ணி நெருக்கமான வடிகட்டி வேண்டும், இல்லையென்றால் சுத்தமான பருத்தித் துணி. எலும்பை அழுத்திப் பிழியாதீர்கள், பிழிந்தால் கசடு இறங்கும். அடியில் வண்டலாக நிற்கும் கடைசி ஒரு கரண்டியைப் பானையிலேயே விட்டுவிடுங்கள்.

ஆற வைப்பதை அலட்சியமாக விடாதீர்கள்

சாறு வைப்பதைவிட அதை ஆற வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, காலையில் வடிகட்டலாம் என்று தூங்கப் போய்விடுவது சகஜம். பெரிய பானைச் சாறு தானாக ஆறப் பல மணி நேரம் ஆகும். கொதியைத் தாங்கி உயிரோடிருக்கும் கிருமி விதைகள் சில உண்டு. பானை வெதுவெதுப்பாக இருக்கும் அந்த நேரத்தில் அவை முளைத்துப் பெருகும். காலையில் மறுபடி கொதிக்கவிட்டால் சரியாகிவிடும் என்று நம்ப முடியாது, சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. அப்படி இரவெல்லாம் வெளியே இருந்த சாறு நல்ல வாசனையாகவே இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. வடித்த சாற்றை இரண்டு மூன்று சின்னப் பாத்திரங்களில் பிரியுங்கள். சிங்க்கில் குளிர்ந்த தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டுப் பாத்திரங்களை அதில் நிறுத்தி அவ்வப்போது கிளறுங்கள். அரை மணி நேரத்தில் கை தாங்குகிற சூட்டுக்கு வந்துவிடும். அப்புறம் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மறுநாள் காலை திறந்து பார்க்கிற அந்த நிமிடம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். மேலே வெளிர் மஞ்சளாக ஒரு தகடு, அது உறைந்த கொழுப்பு. கரண்டி நுனியால் ஓரத்தில் நெம்பினால் பாளமாக எழும். அதன் அடியில் தேன் நிறத்தில் சாறு. பாத்திரத்தைத் தட்டினால் நடுங்கும், சாய்த்தால் ஓடாது. கொழுப்பைக் கொட்டாமல் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள், வெங்காயம் வதக்கவும் உருளைக்கிழங்கு வறுக்கவும் அதற்கு ஈடில்லை. உங்கள் சாறு உறையாவிட்டாலும் கவலைப்படாதீர்கள். முன்பே சமைத்த எலும்பு என்பதால் அதன் ஜெலட்டினில் ஒரு பங்கு முதல் சமையலிலேயே இறங்கியிருக்கும். அடுத்த தடவை மூன்று நான்கு பச்சை இறக்கைகளைக் கூடச் சேருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஃப்ரிட்ஜில் சாறு மூன்று நான்கு நாள் தாங்கும். ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம் சுவை குறையாது. உறையும்போது தண்ணீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும், அதனால் டப்பாவில் மேலே ஒன்றிரண்டு விரல் இடம் விடுங்கள். கண்ணாடிப் பாட்டிலை முழுக்க நிரப்பினால் வெடித்துவிடும். ஃப்ரீசரில் எல்லா டப்பாவும் ஒரே மாதிரிதான் தெரியும், தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.

இனி சாப்பாடு

கையில் சாறு இருக்கிறது, பிய்த்த இறைச்சி இருக்கிறது. எந்தச் சமையலாக இருந்தாலும் இறைச்சியைக் கடைசியில் போடுங்கள். மற்றதெல்லாம் வெந்து, உப்பு காரம் சரிபார்த்து, அடுப்பை அணைக்கப்போகும் நேரத்தில் போட்டால் போதும். உள்வரை ஆவி பறக்கிற சூடு ஏற வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் 74 டிகிரி பாருங்கள். அதற்கு மேல் வேகவிட்டால் நெஞ்சுக்கறி பஞ்சாகிவிடும். தொடைக்கறி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

முதலில் சூப் செய்து பாருங்கள், கை பழகிவிடும். எடுத்து வைத்த கோழிக் கொழுப்பு ஒரு ஸ்பூன் விட்டு, பொடியாக அரிந்த வெங்காயமும் கேரட்டும் வதக்குங்கள். வெங்காயம் நிறம் மாறாமல் பளபளப்பாக வந்ததும் ஒரு லிட்டர் சாறு ஊற்றுங்கள். கொதித்ததும் ஒரு கைப்பிடி நூடுல்ஸ் அல்லது சின்னப் பாஸ்தா. அது வெந்ததும் இப்போது உப்பு, மிளகுத்தூள். ஒன்றரைக் கப் இறைச்சியை உதிர்த்துப் போட்டு இரண்டு நிமிடம் வைத்து இறக்குங்கள். கடைசியில் அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிய மறக்காதீர்கள். சாறு சப்பென்று இருக்கிறதே என்று உப்பை மேலும் மேலும் போடுகிறோமே, பல நேரம் அங்கே குறைவது புளிப்புதான். நான்கு பேருக்குத் தாராளமாக வரும். அடுத்த வேளைக்கும் சேர்த்துச் செய்வதாக இருந்தால் நூடுல்ஸைத் தனியாக வேகவைத்துக்கொள்ளுங்கள், சூப்பிலேயே ஊறினால் காலையில் குழைந்து சாற்றையெல்லாம் குடித்திருக்கும்.

சோற்றுக்கு இந்தச் சாறு செய்கிற உதவி பெரிது. அரை மணி ஊறிய அரிசி ஒரு கப், சாறு இரண்டு கப், உப்பு, ஒரு துண்டு இஞ்சி. தண்ணீரில் வேகவைப்பது போலவே மூடி வேகவையுங்கள். அரிசி சாற்றை உறிஞ்சி முடித்ததும் அடுப்பை அணைத்து, மேலே இறைச்சித் துண்டுகளைப் பரப்பி மறுபடி இறுக்கமாக மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். கிளறும்போது இறைச்சியில் நன்றாகச் சூடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். போதாது என்று பட்டால் இரண்டு நிமிடம் சிறு தீயில் வையுங்கள். பட்டாணியோ கீரையோ சேர்த்தால் தொட்டுக்கொள்ள வேறொன்றும் வேண்டாம். உடம்பு சரியில்லாதவருக்கு என்றால் அரிசி ஒரு பங்கு, சாறு ஏழெட்டுப் பங்கு வைத்துக் கஞ்சியாகக் குழைய விட்டு, இறைச்சியை மெல்லிய நாராக உதிர்த்துப் போடுங்கள்.

மீந்த சோறு இருந்தால் வறுத்த சோறு. அகலமான கடாய் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய், பூண்டு, முட்டை. முட்டை பாதி வெந்ததும் சோறு, உதிரி உதிரியாகப் பிரிந்ததும் இறைச்சி, அப்புறம் சோயா சாஸ். ஃப்ரிட்ஜில் வைத்த குளிர்ந்த சோறுதான் இதற்கு ஒட்டாமல் வரும். சோறும் கோழி மாதிரிதான், வெளியே நெடுநேரம் கிடந்ததை எடுக்காதீர்கள்.

ஆம்லெட்டுக்கு உள்ளே வைப்பது, ரொட்டிக்கு நடுவில் வைப்பது எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். ரொட்டிக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நெஞ்சுக்கறியைச் சூடாக்காதீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபடி பொடியாக அரிந்து, கெட்டித் தயிரோ மயோனைஸோ, பொடியாக நறுக்கிய வெங்காயம், வெள்ளரி, மிளகு, எலுமிச்சை சேர்த்துப் பிசைந்து வையுங்கள். அந்தப் பழைய வாடை சூடாக்கும்போதுதான் கிளம்பும். குளிர்ச்சியாகவே சாப்பிட்டால் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

கெட்டியாக ஏதாவது வேண்டுமென்றால் இரண்டு ஸ்பூன் வெண்ணெயில் இரண்டு ஸ்பூன் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, ஒரு கப் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி விழாமல் கிளறுங்கள். அரைக் கப் பால் சேர்த்தால் வழவழப்பான வெள்ளைக் குழம்பு. அதில் இறைச்சியும் வேகவைத்த காளானும் போட்டுச் சோற்றுக்கோ பாஸ்தாவுக்கோ வேகவைத்த உருளைக்கிழங்குக்கோ ஊற்றிக்கொள்ளலாம்.

எதைச் செய்தாலும் அந்த வேளைக்கு வேண்டிய இறைச்சியை மட்டும் டப்பாவிலிருந்து எடுங்கள். முழுவதையும் சூடாக்கி, மீந்ததை மறுபடி உள்ளே வைத்து, மறுபடி சூடாக்குவது கூடாது. மூன்று நாளில் தீராது என்று தெரிந்தால் முதல் நாளே ஒரு பங்கை ஃப்ரீசரில் போடுங்கள். இறைச்சி மூழ்கச் சாறு ஊற்றி உறைய வைத்தால் காற்றே படாது, ஒன்றிரண்டு மாதம் கழித்து எடுத்தாலும் உலர்ந்திருக்காது. எடுக்க நினைக்கும் நாளுக்கு முந்தைய இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் காலைக்குள் இளகிவிடும், வெளியே வைத்து இளக்க வேண்டாம்.

வடித்து மிஞ்சிய எலும்பை நாய்க்குப் போடாதீர்கள். வெந்த எலும்பு கூராகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். அதோடு வெந்த வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. கட்டி, விலங்குகள் கிளறாதபடி மூடிய தொட்டியில் போட்டுவிடுங்கள்.

ஒரு லிட்டர் சாறு வைக்க இடமில்லாத சின்ன ஃப்ரீசர் என்றால், வடித்த சாற்றை மறுபடி அடுப்பில் ஏற்றி நான்கில் ஒரு பங்காக வற்ற விடுங்கள். கொழுப்பை முன்பே எடுத்துவிட்டதால் இப்போது தீயைக் கூட்டலாம். ஆறியதும் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை ஒரு பையில் கொட்டி வையுங்கள். காய் வதக்கும்போது அடிப்பிடிக்கப் பார்க்கிறதா, தண்ணீர் தெளிக்காமல் ஒரு கட்டியைப் போடுங்கள். அது சீறிக் கரைந்து அடியில் ஒட்டியதையெல்லாம் எழுப்பிக்கொண்டு வரும்.